சொன்ன பேச்சைக் கேட்கும் வீடுகள்

ஏப்ரல் 8

கேன்டீன் டீயில் இன்று டீ இருந்தது. மற்றபடி விசேஷமில்லை.

சாயங்காலம் வழக்கம்போல் தணிப்பு அழைப்பு அனுப்பினேன். இந்த வருட வெயிலுக்கு ஒரு மாதமாக ஒரு நாள் விடாமல் அனுப்ப வேண்டியிருக்கிறது. பொத்தானைத் தொடும்போதெல்லாம் அக்கா ஞாபகம் வருகிறது. இந்த வேலையை அவளுக்கு விளக்கப் போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் ஒரு நாள்.

"எல்லாரும் வீட்டுக்கு வந்து ஏசி, கெய்சர், அடுப்புன்னு ஒரே நேரத்துல போடுறாங்கக்கா. அவ்வளவு கரண்ட் கிடையாது. முன்னாடி தெருத்தெருவா அணைச்சோம். இப்ப சந்தை வந்துடுச்சு. கரண்ட் தர்றவங்க விக்கிற மாதிரியே, 'எனக்கு இப்ப வேண்டாம்'னு சொல்றவங்களும் அந்த வேண்டாமை விக்கலாம். சுவத்துல ஒரு பெட்டி மாட்டுவோம். நான் ஆபீஸ்லேர்ந்து கூப்பிட்டா அது கத்தும். கெய்சரையும் ஏசியையும் தானா அணைச்சிடும்."

"அப்ப நான் வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருந்தா அது உங்களுக்கு ஒரு பவர் ஸ்டேஷனா?"

"கிட்டத்தட்ட."

"நல்லாருக்குடி உங்க பொழப்பு."

தங்கை ஆபீஸ் என்பதற்காகப் பெட்டியை மாட்டவிட்டாள். அதில் 'மறுக்கிறேன்' என்று ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. பெட்டி கத்தும்போதெல்லாம் எழுந்து போய் அதை அழுத்திவிட்டு வந்து உட்காருவாள். ஒரு தடவை கூடத் தவறியதில்லை. பிடிவாதத்துக்குப் பேர் போனவள்.

அவள் போய் மூன்று வாரம் ஆகிறது. வீட்டைப் பூட்டிச் சாவியை நான்தான் வைத்திருக்கிறேன். மின் இணைப்பை ரத்து செய்ய வேண்டும். செய்கிறேன்.

ஏப்ரல் 9

மகள் போன். "சாப்பிட்டியாம்மா?" சாப்பிட்டேன் என்றேன். பொய்.

ஏப்ரல் 14

இன்று ஒன்று நடந்தது. எழுதினால் சிரிப்பாகத்தான் இருக்கும்.

கடைசிச் சில வார அழைப்புகளைப் பார்த்து அழைப்பு வரிசையைக் கணினியே போடும். சொன்ன பேச்சைக் கேட்கும் வீடுகள் மேலே, மறுக்கும் வீடுகள் கீழே. அவசரத்துக்கு நம்பக்கூடியவர்களை முதலில் கூப்பிட வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. இத்தனை நாள் அக்கா வீடு கடைசிப் பக்கத்தின் அடியில் கிடக்கும். பக்கத்து ஸீட்டுப் பெண் கூடக் கிண்டல் செய்வாள். இன்று முதல் பக்கத்தில் அந்த இணைப்பு எண். நூற்றுக்கு நூறு.

என் அக்காவா? சொன்ன பேச்சைக் கேட்டாளா?

வரைபடத்தைத் திறந்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கோடு. சிவப்புக் கோடு, வீடு உண்மையில் இழுக்கும் மின்சாரம். சாம்பல் கோடு, நாங்கள் கூப்பிடாமல் இருந்திருந்தால் அந்த வீடு எவ்வளவு இழுத்திருக்கும் என்று கணினி போடும் மதிப்பு. அதை ஆபீசில் நிழல் என்போம். நிழலில் சிவப்பைக் கழித்தால் அந்த வீடு விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று வரும்.

சிவப்பு தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. இருக்காதா பின்னே? பிரிட்ஜைக் கூட நான்தான் காலி செய்து அணைத்தேன்.

நிழல் மட்டும் விடியற்காலையில் எழுந்தது. கெய்சர் போட்டது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது, காபி குடித்துக்கொண்டே பேப்பர் படிக்கும் நேரம். பிறகு மிக்ஸி, குத்திட்டு நிற்கும் மெல்லிய கோடு. மத்தியானம் ஏசி போட்டுத் தூங்கியது. பொழுது சாய்ந்ததும் விளக்கு, டிவி.

பாத்ரூமில் போய் அழுதேன். திரும்பி வந்து வேலையைப் பார்த்தேன்.

ஏப்ரல் 15

நிழல் ஏன் சாகவில்லை? நிழல் என்பது பழைய நாட்களின் சராசரிதான். காலி வீட்டில் பத்து நாளில் அது தேய்ந்து தரைக்கு வந்திருக்க வேண்டும். பக்கத்து ஸீட்டுப் பெண்ணிடம் வேறு ஏதோ வீட்டைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"கூப்பிட்ட நாளைச் சராசரியில சேர்க்க மாட்டோம்ல மேடம். அன்னிக்கு அவங்க வேணும்னே குறைச்சிருப்பாங்க. அதைச் சேர்த்தா அவங்களுக்கு அநியாயம்."

விதியை எழுதிய கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். நல்ல விதி என்று தலையாட்டினேன்.

ஆக, அக்கா போன நாளிலிருந்து தினமும் கூப்பிட்டிருக்கிறோம். ஒரு நாளும் சராசரியில் சேரவில்லை. அந்த நிழலுக்கு அவள் இறந்ததே தெரியாது.

ஏப்ரல் 22

மழை. ஊரே குளிர்ந்துவிட்டது. இன்று யாரையும் கூப்பிடத் தேவையில்லை என்றார் வோல்டேஜ் சார். எங்கள் ஷிப்ட் பொறுப்பாளர். அவர் தொண்டைக்கு ஆபீஸ் வைத்த பெயர் அது. "ஜாலியா இருங்க" என்று அறை அதிர அறிவித்துவிட்டுப் போனார்.

இன்று கூப்பிடாவிட்டால் இன்றைய பூஜ்யம் சராசரியில் சேரும். நிழல் கொஞ்சம் தேயும்.

பெட்டிகள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கச் சில வீடுகளுக்குச் சோதனை அழைப்பு அனுப்ப என் மேசைக்கு உரிமை உண்டு. ஏழெட்டு வீடுகளுக்கு அனுப்பினேன். நடுவில் அக்கா வீடு.

ஒரு வீடு. யாருக்கு என்ன நஷ்டம்?

கணினி வானிலையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். மழை என்றதும் நிழல் மத்தியான ஏசியை விட்டுவிட்டது. சாயங்காலம் இன்னொரு தடவை கெய்சர் போட்டது. மழை நாளில் அக்கா இரண்டாம் தடவை குளிப்பாள், எனக்குத் தெரியும். ஆனால் இது இன்றைய மழை. அவள் பார்க்காத மழை.

பார்வையை எடுக்க முடியவில்லை.

ஏப்ரல் 27

வேலை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனேன். சோபாவில் உட்கார்ந்து விளக்கைப் போட்டேன். போனில் வரைபடம் திறந்திருந்தது. சிவப்புக் கோடு எழுந்தது. அன்றைய அழைப்பு இன்னும் முடியவில்லை, நடுவில் கோடு ஏறினால் அதுவும் மறுப்புக் கணக்குதான். கீழே ஒரு வரி வந்தது: 'இந்த வீடு மறுத்துள்ளது.'

ஒரே ஒரு நொடி... என்ன நினைத்தேன் என்று எழுத மாட்டேன்.

விளக்கை அணைத்துவிட்டேன். இனிமேல் இருட்டில்தான் உட்கார வேண்டும். மறுப்பு சேர்ந்தால் வரிசையில் கீழே போய்விடும், பிறகு தினமும் கூப்பிடுவது கஷ்டம்.

மே 2

என் வீட்டுக்கு எதற்குப் போவது? கேன்டீனில் சாப்பாடு, அக்கா வீட்டு சோபாவில் தூக்கம். மாற்றுத் துணி எடுக்க மட்டும் போனேன். பிரிட்ஜில் ஒரு எலுமிச்சை கருத்துக் கிடந்தது. எறிந்துவிட்டுப் பிரிட்ஜை அணைத்தேன்.

மே 5

அக்காவுக்குக் கீழ்வீட்டம்மா போன் செய்தார். ஆஸ்துமாக்காரர். அக்காவும் அவரும் நகமும் சதையும்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. கொஞ்ச நாளா சாயங்காலம் ஆனா மேல யாரோ நடக்குறாங்க. வெளியில போய்ப் பாத்தா ஒரு லைட் கூட எரியல. உங்க அக்கா நடக்குற மாதிரியே இருக்கு, அந்தக் காலை இழுத்து இழுத்து. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு."

"காத்துல ஜன்னல் அடிச்சிருக்கும்" என்றேன்.

போனை வைத்த பிறகு நடந்து பார்த்தேன். காலை இழுக்கிறேனா? இருட்டில் நாற்காலியில் இடித்துக்கொள்ளாமல் இருக்க அப்படித்தான் நடந்தாக வேண்டும்.

அவர் பயப்படுகிற பேய் நான்தான். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மே 11

வேலையில்லாத மத்தியானம். சும்மா இருக்காமல் முதல் பக்கத்து வீடுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். தெரியாத்தனமாகத் திறந்துவிட்டேன்.

அக்கா வீடு போலவே ஒன்று. சிவப்பு தரையில், நிழல் மட்டும் நடமாடுகிறது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது உயிருள்ள வீடு. பிறகு மறுபடி ஒன்று. ஒரு நிழல் குழந்தைக்கு விடியற்காலையில் பால் காய்ச்சுகிறது. ஒரு நிழல் ராத்திரி முழுக்க ஏசி போட்டுத் தூங்குகிறது. எந்த வீட்டிலும் யாரும் இல்லை. செத்தவர்கள், ஊர் மாறியவர்கள், பூட்டிவிட்டுப் பிள்ளையிடம் போனவர்கள். முதல் பக்கத்தில் பாதிக்கு மேல் இப்படித்தான்.

யாரும் தில்லுமுல்லு செய்யவில்லை. உயிருள்ள மனுஷன் பத்து தடவை கூப்பிட்டால் இரண்டு தடவையாவது மறுப்பான். குழந்தைக்குக் காய்ச்சல், விருந்தாளி, சும்மா எரிச்சல். காலி வீடு மறுக்காது. அதனால் அது மேலே வரும். மேலே வந்ததால் தினமும் கூப்பிடுவோம். தினமும் கூப்பிடுவதால் நிழல் சாகாது. சாகாததால் மறுபடி கூப்பிடுவோம்.

கரண்ட் தட்டுப்படும் நாளில் கைகொடுக்கும் என்று நாங்கள் நம்பியிருப்பது இந்தப் பக்கத்தைத்தான். அதில் குறைப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஏற்கெனவே அணைந்த விளக்கை எப்படி அணைப்பது?

வோல்டேஜ் சாரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் எல்லா நிழலையும் துடைப்பார்கள். அக்காவையும் சேர்த்துத்தான்.

நாளைக்குச் சொல்கிறேன்.

மே 12

சொல்லவில்லை.

மே 14

அவர் அறை வாசல் வரை போனேன். "என்ன?" என்றார். லீவு கேட்க வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். இப்போது வேண்டாத லீவு ஒன்று கிடைத்திருக்கிறது.

மே 17

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம், அனல் காற்று. பெரிய மின் நிலையம் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோயிற்று. சுவரில் ஒரு பெரிய எண் இருக்கிறது. மொத்தக் கட்டமைப்பின் நாடித்துடிப்பு அது. ஐம்பதில் நிற்க வேண்டும். இறங்க ஆரம்பித்தது.

"முதல் பக்கம் முழுசையும் கூப்பிடுங்க" என்றார் வோல்டேஜ் சார்.

கூப்பிட்டேன். இரண்டு நிமிடத்தில் திரை பச்சையாயிற்று. கேட்டது கேட்டபடி கிடைத்தது என்றது. ஒரு வீடு கூட மறுக்கவில்லை. பக்கத்து ஸீட்டுப் பெண் கை தட்டினாள்.

சுவரில் எண் இறங்கிக்கொண்டே இருந்தது.

"கிடைச்சாச்சுன்னு சொல்லுதே. அப்ப எங்க போச்சு?" அவர் திரையைப் பார்க்கிறார், சுவரைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். எனக்குத் தெரியும் எங்கே போயிற்று என்று. அந்த அறையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

"தெருவை அணைங்க. இனி வேற வழியில்ல."

சுழற்சியில் அடுத்து எந்தப் பகுதியோ அதை அணைக்க வேண்டும். அடுத்தது அக்கா பகுதி. அணைத்தேன். எண் நின்றது. மெதுவாக ஏறியது.

வரைபடத்தில் அந்தப் பகுதியே கருப்பு. அக்கா வீட்டைத் திறந்தேன். பூஜ்யம், பூஜ்யம். தெரு முழுக்க இருட்டு. நிழலில் மட்டும் அக்கா விளக்கைப் போட்டு, டிவி போட்டு, ஏசியைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் மற்ற நிழல்களும். பால் காய்கிறது. அந்தத் தெருவில் யாருக்கும் இல்லாத வெளிச்சம் அவர்களுக்கு மட்டும்.

எனக்கு அவளைக் கண்டு பயமாக இருந்தது. முதல் தடவையாக.

பிறகுதான் அக்கா வீட்டு உரிமையாளரிடமிருந்து போன் வந்தது. கீழ்வீட்டம்மா லிஃப்டில் மாட்டிக்கொண்டாராம். மூச்சு மருந்து வீட்டில். கதவை நெம்பி வெளியே எடுத்தபோது நினைவில்லை.

மே 18

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிழைத்துவிட்டார். வாயில் மூச்சுக் குழாய் இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

நேராக வோல்டேஜ் சார் அறைக்குப் போனேன். அக்கா வீட்டு வரைபடத்தைத்தான் முதலில் காட்டினேன். சோதனை அழைப்பையும் சொன்னேன். ஏழு நாளாகத் தெரியும் என்பதையும் சொன்னேன். கத்துவார் என்று தயாராக இருந்தேன். கத்தவில்லை.

"எங்கப்பா வீட்டு நம்பர் தர்றேன். லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க."

இருந்தது. முதல் பக்கம்தான். நிழல் அந்த நேரத்தில் எதையோ சுட வைத்துக்கொண்டிருந்தது.

"மூணு மணிக்கு அவருக்கு டீ வேணும்" என்றார். அவர் குரல் இவ்வளவு மெதுவாக வரும் என்று எனக்குத் தெரியாது.

மே 21

மேலதிகாரிகள் விசாரணை. என்னை அழைப்பு மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் பக்கத்து ஸீட்டுப் பெண். எனக்குச் சரிபார்க்கும் வேலை. வேலையே போயிருக்க வேண்டும். வோல்டேஜ் சார்தான் பேசியிருக்கிறார்.

முடிவு இது: சிவப்பு தரையில் கிடக்கும் வீடுகளைப் பத்து நாள் கூப்பிடக் கூடாது. நிழல்கள் தானாக உண்மைக்கு வந்து சேரட்டும். இதற்கிடையில் ஓர் ஆள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிப் பார்ப்பார்.

மே 22

அக்கா இன்று கொஞ்சம் குறைவாக வெந்நீர் போட்டாள்.

மே 25

மத்தியான ஏசி பாதிதான். டிவி மங்கிவிட்டது. நோயாளி மாதிரி எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்கிறாள். ஒரு சோதனை அழைப்பு போதும், நிறுத்திவிடலாம். பக்கத்து ஸீட்டுப் பெண் டீ குடிக்கப் போயிருந்தாள். அவள் திரை திறந்திருந்தது. கை நீண்டது.

கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் வரும் வரை உட்கார்ந்திருந்தேன்.

மே 28

கதவு தட்டும் ஆள் இன்று விவரம் கொண்டுவந்தார். கறாரான மனுஷன். ஒவ்வொன்றாக அவர் படிக்க, நான் கணினியில் ஏற்ற வேண்டும்.

"இது ஆள் செத்து ரெண்டு மாசம் ஆகுது. இது வெளியூர் போயாச்சு. இது பூட்டு, எதிர்வீட்டுல கேட்டேன், பையனோட இருக்காங்களாம். இது..." ஒரு முகவரி படித்தார். "பூட்டு. மூணு தடவை போனேன், மூணு வேளையில. பக்கத்துல விசாரிச்சேன். ஒரு அம்மா இருந்தாங்களாம், இப்ப யாரும் இல்லைன்னாங்க. போய்ட்டாங்க போலன்னாங்க. காலின்னு போட்டுக்கங்க."

கை தட்டச்சுப் பலகையில் நின்றுவிட்டது.

அது என் முகவரி.

"மேடம்? காலின்னு போட்டீங்களா?"

வரைபடத்தைத் திறந்தேன். சிவப்பு தரையோடு தரை. மேலே தேய ஆரம்பித்த ஒரு சாம்பல் கோடு எழுந்து, சமைத்து, மகளோடு பேசுவதற்கு விளக்கடியில் உட்கார்ந்து, படுக்கப் போகிறது. வரிசையில் முதல் பக்கம். அக்காவுக்கு அடுத்த வீடு.

"இங்க ஆள் இருக்கு" என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க? நேர்ல பாத்தேனே."



மே 28, பிறகு

மகளுக்கு நானே போன் செய்தேன். "சாப்பிட்டியாம்மா?" என்றாள். "இல்ல" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். "நான் வர்றேன்" என்றாள். "வேலை இருக்குமே உனக்கு" என்றேன். "அம்மா, சும்மா இரு."

மே 30

கீழ்வீட்டம்மா வீடு திரும்பிவிட்டார். போய்ப் பார்த்தேன். மேலே நடந்தது நான்தான் என்று சொன்னேன். சிரிப்பார், இல்லாவிட்டால் திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"நீங்கதானா? நான் அவங்கன்னே நெனச்சுக்கிட்டேன்மா. பயமாத்தான் இருந்துச்சு. ஆனா துணையாவும் இருந்துச்சு."

லிஃப்ட் பற்றியும் சொன்னேன். அந்த வீடுகள் காலி என்று எனக்கு முன்பே தெரியும் என்பதைச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்து வந்துவிட்டேன். அக்கா வீட்டுச் சாவியை வீட்டு உரிமையாளரிடம் கொடுத்தாயிற்று.

ஜூன் 1

அக்காவின் சாம்பல் கோடும் சிவப்புக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துவிட்டன. நேற்று வரை மிக்ஸி மட்டும் இருந்தது, மயிரிழையாக ஒரு கோடு. இன்று அதுவும் இல்லை.

அழுகை வருமென்று பார்த்தேன். வரவில்லை. பசித்தது.

ஜூன் 7

மகள் வந்து நாலு நாள் ஆகிறது. வீட்டை இரண்டாக்கிவிட்டாள். பிரிட்ஜ் ஓடுகிறது, வாஷிங் மெஷின் ஓடுகிறது, ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடுகிறது. அணைத்தால் திட்டுகிறாள். மின்சார ஆபீஸ்காரி வீட்டில் இவ்வளவு விரயம் உண்டா என்று நானும் திட்டுகிறேன்.

சாயங்காலம் குளிக்கப் போகிறேன் என்று கெய்சரைப் போட்டாள். தூறல், குளிர்ந்த காற்று. கரண்டுக்குத் தட்டுப்பாடில்லாத நாள். திடீரென்று சுவர்ப் பெட்டி கத்தியது. பக்கத்து ஸீட்டுப் பெண்ணின் சோதனை அழைப்பு. எந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று பார்க்கிறாள்.

"என்னம்மா இது, இப்படிக் கத்துது?"

"என் ஆபீஸ். வெந்நீரை அணைக்கவான்னு கேக்குது."

எழுந்து போனேன். மாட்டிய நாளிலிருந்து நான் தொடாத பொத்தான் அது. தூசியை முந்தானையால் துடைத்துவிட்டு அழுத்தினேன். பெட்டி வாயை மூடிக்கொண்டது. வந்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் போன். பக்கத்து ஸீட்டுப் பெண்தான்.

"மேடம், உங்க வீடு மறுத்திருக்கு. இதுவரைக்கும் இப்படி ஆனதே இல்லையே. பெட்டியில ஏதாவது கோளாறா?"

"கோளாறு இல்லம்மா. வீட்டுல ஆள் இருக்கோம். மறுத்துதுன்னே போட்டுக்கோ."